ஆறாவது கணக்கு

விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைப் போடுவதில் என்னை மிஞ்ச எங்கள் கல்லூரியில் ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அப்போது எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பி.எஸ்சி. பிசிக்ஸ், இரண்டாம் ஆண்டு. மெக்கானிக்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எல்லாக் கணக்குக்கும் விடை அச்சிட்டிருப்பார்கள். நான் முதலில் அங்கேதான் போவேன். விடை 12 என்றால், கேள்வியில் உள்ள எண்களை எந்த ஃபார்முலாவில் போட்டால் 12 வரும் என்று தேடுவேன். 24 வந்தால் எங்கேயாவது ஓர் இரண்டால் வகுப்பேன். மைனஸில் வந்தால், எதிர்த் திசையில் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் குறியை மாற்றுவேன். எங்கள் வகுப்பில் இதற்கு ‘வரவைக்கிறது’ என்று பெயர்.

“உனக்கு அஞ்சாவது சம் வந்துச்சாடி?”

“வரல. வரவெச்சிட்டேன்.”

இதைச் சொல்ல யாருக்கும் வெட்கமாக இருந்ததில்லை. பிளஸ் டூவிலேயே பழகியதுதான். ஸ்டெப்புக்கு மார்க், கடைசியில் விடைக்கு மார்க், நடுவில் என்ன நடந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் மெக்கானிக்ஸ் மேடம் வெள்ளிக்கிழமைதோறும் பத்துக் கணக்குகள் கொடுப்பார். திங்கட்கிழமை நோட்டு அவர் மேசைக்குப் போய்விட வேண்டும். புதன்கிழமை திரும்பி வரும்போது கடைசிப் பக்கத்தில் பத்துக்கு எவ்வளவு என்று ஒரே ஓர் எண் இருக்கும். ‘குட்’ கிடையாது, ‘கவனம்’ கிடையாது, ஒரு கோடுகூடக் கிடையாது. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. மேடம் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் ஏழு எழுதினால் அதன் வயிற்றின் குறுக்கே ஒரு கோடு போடுவார். அந்தக் கோடு போட்ட ஏழு என் நோட்டில் வந்ததே இல்லை. எனக்கு எப்போதும் பத்துதான். பார்த்ததெல்லாம் என் தோழியின் நோட்டில்.

அவள் வீராம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண், நான் அரியாங்குப்பம். அவள் ஷேர் ஆட்டோவில் மெயின் ரோட்டுக்கு வந்து சேர, அங்கிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பாலம் தாண்டி டவுனுக்குப் போவோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பாடப் புத்தகம். வெள்ளியும் சனியும் அவள் வீட்டில், மற்ற நாள் என் வீட்டில். அவள் ரஃப் வேலையெல்லாம் தேர்த் திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்தில்தான் செய்வாள். அவளுடைய சித்தப்பாதான் ஊரில் ஆடித் தேருக்கு நோட்டீஸ் கொடுப்பவர். மிச்சமான ரோஸ் நிறக் கட்டு வருடம் முழுக்க அவள் வீட்டுப் பரணில் கிடக்கும். முன்பக்கம் அம்மன் படமும் உபயதாரர் பட்டியலும், பின்பக்கம் நியூட்டனின் விதிகள்.

அவளிடம் ஒரு வியாதி இருந்தது. புரியாததை எழுத மாட்டாள். பத்தில் ஏழு கணக்கு போடுவாள். மிச்சம் மூன்றுக்கும் கேள்வியை மட்டும் எழுதி, கீழே இடம் விட்டுவிட்டு நோட்டைக் கொடுத்துவிடுவாள். நானோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பத்தையும் முடித்து, படம் எடுத்து, வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுவேன். முப்பத்தெட்டுப் பேர் வகுப்பில் முக்கால்வாசி நோட்டுகள் என் நோட்டின் பிள்ளைகள். அவள் மட்டும் அந்தப் படங்களைத் திறக்கவே மாட்டாள். ஏழு, ஆறு, ஏழு, ஏழு என்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறையில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு மாதம் வேலை பழக எங்கள் துறையிலிருந்து ஒரே ஒருவரை அனுப்புவார்கள். மேடம் கையெழுத்துப் போட்டால் போகலாம், போடாவிட்டால் இல்லை. அவள் பொங்கல் முடிந்த கையோடு விண்ணப்பத்தை வாங்கி, எல்லாவற்றையும் நிரப்பி, கையெழுத்துக்கான கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். ஒருநாள் பஸ்ஸில் அதைக் கேலி செய்தேன். அங்கே போய் என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

“அங்க குடுக்கற கணக்குக்கெல்லாம் புக்கு பின்னாடி பதில் இருக்காதுடி. யாருக்குமே தெரியாது. அந்த மாதிரி ஒண்ணு, ஒரே ஒண்ணு போடணும்” என்றாள்.

எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனாலும் அவள் போக வேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். ஏழு ஏழாக வாங்கினால் எந்த மேடம் கையெழுத்துப் போடுவார் என்று எனக்குக் கவலை. விண்ணப்பம் போய்ச் சேரவேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய பத்துக் கணக்குகளில் அவளைப் பத்து வாங்க வைத்துவிடுவது என்று நானாகவே முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தாள். ஒன்பது கணக்கு போட்டிருந்தாள். என்றைக்கும் இல்லாத அதிசயம். மாட்டியது ஆறாவது. முப்பது டிகிரி சாய்வான ஒரு தளத்தில் கெட்டியான ஓர் உருளை வழுக்காமல் உருண்டு இறங்குகிறது, அதன் முடுக்கம் என்ன? இவ்வளவுதான் கேள்வி. அவளுக்கு 3.27 வந்தது. புத்தகத்தின் கடைசியில் 2.45.

“நாலு தடவ போட்டுட்டேன். நாலு தடவயும் இதான் வருது” என்று ரோஸ் நோட்டீஸை நீட்டினாள். நான் அதைப் படிக்கவே இல்லை. என் நோட்டைத் திறந்து காட்டினேன். நான் ஐந்தே நிமிடத்தில் 2.45 வரவைத்திருந்தேன்.

எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை உருட்டிவிட்டால் அதன் எடையில் எவ்வளவு நடுவில் இருக்கிறது, எவ்வளவு ஓரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது சுழல முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுக்கு ஓர் எண் உண்டு. மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்போம். கெட்டி உருளைக்கு அந்த ஃபார்முலாவின் முன்னால் ஓர் அரை வரும். எடையெல்லாம் ஓரத்திலேயே இருக்கிற குழாய்க்கு அந்த அரை வராது. நான் அந்த அரையை விட்டுவிட்டேன். விட்டதும் 2.45 வந்து உட்கார்ந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அவள் என் நோட்டில் விரலை வைத்தாள்.

“இந்த அரை எங்கடி போச்சு?”

“அதெல்லாம் யாரு பாக்கறா? விடை வந்துச்சா இல்லயா?”

“கெட்டி உருளைன்னு போட்டிருக்கான். அரை வரணும்ல?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பசி வேறு. “புக்கு போட்டவன் பைத்தியக்காரனா? அவன விட நீ பெரிய ஆளா? ஏழு ஏழா வாங்கிட்டு இருந்தா பெங்களூரு இல்ல, பக்கத்துல இருக்கற பாகூருக்குக்கூட ஒன்ன அனுப்ப மாட்டாங்க. பேசாம எழுது.”

அவள் நோட்டீஸில் இருந்த நான்கு 3.27-ஐயும் கோடு போட்டு அடித்தாள். நோட்டில் என் வரிகளை அப்படியே எழுதினாள். எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிட்டு, சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். மீன்காரர்கள் வீட்டுப் பெண்ணுக்கு நம் வீட்டு மீன் பிடிக்காதுதான் என்று நான் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

புதன்கிழமை மேடம் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாகக் கட்டை முதல் பெஞ்சில் வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிடுவார். அன்று வைத்துவிட்டு நின்றார்.

“ஆறாவது கணக்குல யாருக்காவது வேற விடை வந்துச்சா?”

என் பக்கத்தில் அவள் டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“புத்தகத்துல இருக்கற விடை தப்பு. பழைய பதிப்புல அந்தக் கேள்வியே வேற. புதுசுல கேள்விய மாத்தினவங்க பின்னாடி விடைய மாத்தல. அஞ்சு வருஷமா நான் இந்தக் கணக்கக் குடுக்கறேன். வருஷத்துக்கு ஒருத்தராவது வந்து நிப்பாங்க, மேடம் எனக்கு இது வரலையேன்னு. அவங்களத்தான் பெங்களூருக்கு அனுப்பிட்டு இருக்கேன். இந்த வருஷம் முப்பத்தெட்டு நோட்டுலயும் டூ பாயின்ட் ஃபோர் ஃபைவ். அதனால யாரும் போகல.”

சரியான விடை என்ன என்று யாரோ கேட்டார்கள். நான் சொல்ல மாட்டேன், போட்டுக் கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மணி அடித்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சாயங்கால பஸ்ஸில் முன்னால் லேடீஸ் சீட்டில் முன்பின் தெரியாத ஓர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குழுவில் பதினான்கு செய்திகள். எல்லாம் எனக்குத்தான். ஆறாவது சம் கரெக்ட் ஆன்சர் போடு, சீக்கிரம் போடு. கடையைத் திறந்து வைத்திருந்தவளிடம் சரக்கு இல்லை. 2.45 தப்பு என்றால், எந்த விடையைப் பார்த்து நான் கணக்கைப் போடுவது?

புத்தகத்தைப் பிரித்தேன். அந்தப் பக்கத்தில் ரோஸ் நோட்டீஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் கோபத்தில் விட்டுவிட்டுப் போனது. நான்கு முறை போட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் வேறு வழியில். ஒன்று விசையை வைத்து, ஒன்று ஆற்றலை வைத்து. நான்கின் முடிவிலும் 3.27, அதன் மேல் நான் போடவைத்த கோடு. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இதைக் கொண்டுபோய்க் காட்டினால் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை முதல் பீரியடுக்கு முன்பே மேடத்தின் அறை வாசலில் நின்றேன். நோட்டீஸைக் கொடுத்தேன். அவள் சரியாகத்தான் போட்டாள், நான்தான் அடிக்கச் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார்.

“இது சரியா?”

“சரிதான் மேடம்.”

“எப்படித் தெரியும்?”

“நாலு தடவ போட்டிருக்கா மேடம்.”

“அவ போட்டிருக்கா. உனக்கு எப்படித் தெரியும்? போர்டுல போடு.”

சாக்பீஸைக் கையில் எடுத்தேன். படம் வரைந்தேன், சாய்தளம், உருளை, அம்புக்குறி எல்லாம் அழகாக. பிறகு கை தானாகவே பழைய வழியில் போனது. மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று எழுதி, ஞாயிற்றுக்கிழமை எழுதியதையே எழுதினேன்.

“இங்க ஒரு அரை வரணுமே, எங்க?” என்றார் மேடம்.

ஓர் அரையைச் சேர்த்தேன்.

“ஏன் அரை? நான் கால்னு சொல்லியிருந்தா கால் போட்டிருப்பியா?”

போட்டிருப்பேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்தார்.

“உன்னால போட முடியாத கணக்குக்கு நீ எப்படிம்மா சாட்சி சொல்லுவ? இது நேத்து சாயங்காலம் எழுதினது இல்லன்னு நான் எத வெச்சு நம்பறது? நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு. அத நீ போட்டுட்டு வா. அப்புறம் பேசலாம்.”

நான் அன்று கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் மேடத்தின் மேல் ஒரே எரிச்சல். நான் உண்மையைத்தானே சொன்னேன், ஒருத்தியை வேலை மெனக்கெட்டுத் திருப்பி அனுப்ப வேண்டுமா? பாலம் தாண்டும்போது எரிச்சல் தணிந்து பயம் வந்தது. நாளை மாலைக்குள் என்னால் ஒரு கணக்கு போட முடியாவிட்டால் அவள் பெங்களூர் போக மாட்டாள். இரண்டு வருடத்தில் நான் நூற்றுக்கணக்கான கணக்குகளுக்குப் பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். அதில் ஒன்றைக்கூட நான் போட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

உட்கார்ந்தேன். அந்த அரை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, உருளையைச் சின்னச் சின்ன வளையங்களாக வெட்டிக் கூட்ட வேண்டும். அதற்கு முந்தைய அதிகாரத்துக்குப் போனேன். அதற்கும் முந்தைய ஒன்று தேவைப்பட்டது. உருண்டு இறங்கும்போது தரை ஏன் பிடித்து இழுக்கிறது என்பதற்கு இன்னும் பின்னால் போக வேண்டியிருந்தது. ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் நான் பத்துக்குப் பத்து வாங்கிய கணக்குகள் வரிசையாக நின்றன. ஒன்றும் தெரியவில்லை. ஜனவரியில் அரை மணி நேரத்தில் கடந்து வந்த பக்கங்களை ஏப்ரலில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வீட்டுப்பாடம் என்பது மார்க்குக்காகக் கொடுப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அடுத்த அதிகாரத்தில் நிற்பதற்குத் தரை வேண்டுமே, அதற்காகக் கொடுப்பது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று மணிக்கு வந்தது. வரவைக்கவில்லை, வந்தது. 3.27. கடைசி வரியில் கால்குலேட்டரைத் தட்டும்போது என்ன வரப்போகிறது என்று எனக்கு உள்ளூரத் தெரியும், ஆனாலும் இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.

இருந்தும் நம்பிக்கை வரவில்லை. அவள் நோட்டீஸைப் பார்த்துவிட்டதால் வரவைத்துவிட்டேனோ என்று சந்தேகம். என்னை நானே நம்பாத அளவுக்கு என் பழக்கம் அப்படி. அப்பா அந்த நேரம் சாப்பிட வந்திருந்தார். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் பிளம்பர் வேலை கற்றுக்கொண்டவர். வீட்டின் பின்பக்கம் வெட்டிய குழாய்த் துண்டுகள் குவிந்து கிடக்கும். ஒரு சின்ன பிவிசி துண்டையும் டார்ச் லைட்டிலிருந்து ஒரு பெரிய செல்லையும் எடுத்துக்கொண்டேன். குழாய் உள்ளே காலி, செல் கெட்டி. ஒரு பலகையைச் செங்கல் மேல் சாய்த்து வைத்தேன். குழாய்க்குக் கணக்குப்படி 2.45 வரும். கெட்டிக்கும் புத்தகம் சொல்கிற 2.45 சரியென்றால் கெட்டியும் குழாயும் ஒன்றாகவே கீழே வர வேண்டும். எங்கள் 3.27 சரியென்றால் செல் முந்த வேண்டும்.

விட்டேன். செல் முந்தியது. திரும்ப விட்டேன். திரும்பவும் செல்.

அப்பா தட்டோடு வந்து நின்றார். “செல்லு வெயிட்டு, அதான் சீக்கிரம் வருது. இதுக்கு இன்னாத்துக்கு காலேஜி?”

அவரே போய்ச் செல்லைவிடப் பல மடங்கு கனமான ஓர் இரும்புக் குழாய்த் துண்டைக் கொண்டு வந்தார். அதை விட்டோம். அப்போதும் செல்தான் முந்தியது. அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அவர் கையாலேயே நான்கு தடவை விட்டுப் பார்த்தார். “அட, ஆமா” என்றார். இரண்டு வருடத்தில் என் படிப்பைப் பற்றி அவர் காட்டிய முதல் ஆர்வம் அது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அவள் இல்லை. மேடத்தின் அறைக்குத் தனியாகத்தான் போனேன். போர்டில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை போட்டேன். வளையங்களாக வெட்டினேன், கூட்டினேன், அரை வந்தது. ஏன் கால் இல்லை என்றும் சொன்னேன். மேடம் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுக் கேட்டார். ஓரிடத்தில் திணறி, அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். முடித்ததும் தலையை ஆட்டினார்.

“சரி. இப்ப நீ சொன்னா நம்பலாம்.”

“கையெழுத்துப் போடுவீங்களா மேடம்?”

“பெங்களூர் போறது நீ இல்லையே. அவ வரட்டும். தன் விடைதான் சரின்னு அவ வாயால சொல்லட்டும். மூணு மணி வரைக்கும் இருப்பேன்.”

வீராம்பட்டினத்தில் அவள் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். தேர் நிறுத்தும் முட்டிக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் பையிலிருந்து செல்லையும் குழாயையும் எடுத்தேன். பலகை கிடைக்குமா என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“நீ போட்டது சரின்னு காட்றேன்.”

“எனக்கு எதுக்குக் காட்ற? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே.”

செல்லை மறுபடி பைக்குள் போட்டேன். மன்னிச்சிடுடி என்றேன். அவள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

“நான் நாலு தடவ போட்டேன். நீ ஒரு தடவகூட போடல. போடாமலே நான் தப்புன்னு எப்படி ஒனக்குத் தெரிஞ்சுது?”

நேற்றுத்தான் போட்டேன், அஞ்சு மணி நேரம் ஆச்சு என்று மட்டும் சொன்னேன். அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். மேடம் மூன்று மணிவரை இருப்பார் என்றேன். அவள் உள்ளே போனாள். முகம் கழுவி, பிளாஸ்டிக் கவரோடு வெளியே வந்தாள். ஆட்டோக்காரர் எங்களிடம் பாட்டு வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, சீக்கிரம் போங்கண்ணா என்று மட்டும் சொன்னேன்.

மேடம் அறையில் மணி இரண்டரை. அவள் நேராகச் சொன்னாள்.

“புக்கு தப்பு மேடம். எனக்கு த்ரீ பாயின்ட் டூ செவன் வருது.”

“அப்புறம் ஏன் நோட்டுல டூ பாயின்ட் ஃபோர் ஃபைவ் எழுதின?”

நான் தரையைப் பார்த்தேன். என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன், காட்டிக் கொடுக்கட்டும் என்றும் நினைத்தேன். நான் நேற்றே சொல்லிவிட்டது அவளுக்குத் தெரியாது. அவள் சொன்னது இதுதான்.

“பயந்துட்டேன் மேடம்.”

“அங்க புத்தகம் கிடையாது. பயந்தா யாரப் பாத்து எழுதுவ?”

“இனிமே யாரையும் பாக்க மாட்டேன் மேடம்.”

மேடம் விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார், தேதியைப் போட்டார், அலுவலகத்தில் கொடுத்து இன்றைக்கே அனுப்பச் சொல் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் நோட்டில் உள்ள பத்துகள் ஒன்றும் இனி செல்லாது என்றும், எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டால்தான் இன்டர்னல் மார்க் என்றும் சொன்னார். சரி மேடம் என்றேன். வாதாட எதுவும் இல்லை.

இப்போது நான் டவுனுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருகிற பொருளை அளந்து, இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். அளவு ஒத்துவராத நாட்களில் என் கை முதலில் அதை ஒத்துவரவைக்கத்தான் பார்க்கிறது. பிறவிக் குணம் போல ஒட்டிக்கொண்டது. நிறுத்தி, இன்னொரு முறை அளந்து, வந்ததை எழுதுகிறேன். சூப்பர்வைசருக்கு என் மேல் அடிக்கடி கோபம் வரும்.

அந்த வருடம் அவளுக்குப் பெங்களூர் கிடைத்தது. அதற்குப் பிறகு செமஸ்டர் முடிய இன்னும் இரண்டு வாரக் கணக்குகள் பாக்கி இருந்தன. குழுவில் நான் எந்தப் படமும் போடவில்லை. திட்டினார்கள், பிறகு வேறொருத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் வாரம் நோட்டு திரும்பி வந்தபோது அவளுக்கு எட்டு. எனக்கு நான்கு. என் வாழ்க்கையில் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை. அந்த நான்கையும் நானே போட்டிருந்தேன்.

அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. மறுநாள் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள், பெங்களூருக்குப் போகும் ரயில் எந்த நேரம் என்று கேட்டதற்குச் சிரித்தபடி பதில் சொன்னாள், பழைய கோபம் எதுவும் இல்லை. பாலம் வந்ததும் மடியில் ரோஸ் நோட்டீஸை விரித்து, பாதியில் விட்ட ஒரு கணக்கைத் தொடர்ந்தாள். நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பழக்க தோஷம்தான், வேறொன்றுமில்லை. அவள் என்னைப் பார்க்காமலே நோட்டீஸை ஜன்னல் பக்கமாகத் திருப்பி, இடது கையால் மறைத்துக்கொண்டாள்.

எனக்கு வலித்தது. என் நோட்டைத் திறந்து, எனக்கு வராமல் நின்ற கணக்கை எடுத்து முதல் வரியிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.